சுப்புத்தாய் அணைத்த சூடம்

கடம்பூர் பஸ்ஸில் இருக்கும்போது சுப்புத்தாயின் மகள் செல்வி போன் செய்தாள். "அத்த, அம்மா போயிட்டா." அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி அவள் வீட்டுக்குத் திரும்பினேன்.

தீப்பெட்டி ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடைத்தவள் சுப்புத்தாய். பேச்சை நிறுத்தச் சொல்லிக் கணக்கப்பிள்ளை அதட்டினால், "வாய்தான பேசுது அண்ணாச்சி, கை சும்மாவா இருக்கு?" என்பாள்.

தீக்குச்சி மருந்து கலக்கும் அறை தீப்பிடித்த அன்று எல்லோரும் முன்வாசல் வழியே தப்பினோம். அவள் மட்டும் திரும்பிப் போய், மயங்கிக் கிடந்த ஒருத்தியை இழுத்து வந்தாள். சுப்புத்தாய் உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. புகை நுரையீரலைத் தின்றுவிட்டது. பிறகு இருதயமும் வீங்கிவிட்டது என்றார் டாக்டர். ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் போனாள்.

நஷ்டஈடு கேட்க வக்கீலைப் பார்ப்போம் என்று நான் கிளம்பினேன். அதற்குள் கணக்கப்பிள்ளை, வைத்தியத்தை முதலாளி பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, அவளைக் காளி கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோர்ட்டுக்குப் போகமாட்டேன் என்று எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். அடுத்த பருத்தி வெடிக்கும் முன்னே முதலாளி கொடுத்த வைத்தியச் செலவு நின்றது. கணக்கப்பிள்ளை வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை. இனியும் போகமாட்டேன்.

"ஏட்டி, அவன் சொன்ன சொல்லக் காப்பாத்துனானா? நீ மட்டும் ஏன் காக்குத?" என்று கேட்டேன்.

"அவன் சத்தியம் பண்ணலையே மதினி. அணைச்சது என் கைதான? முறிச்சா செல்வியப் பிடிக்கும்."

கோயில் சத்தியம் சட்டத்துக்குச் செல்லாது என்று வக்கீலே சொன்னார். "சட்டத்துக்குச் செல்லாது, காளிக்குச் செல்லுமே" என்று இளைப்போடு சிரித்தாள். மகளைக் காப்பதாக நினைத்தே மூச்சை விட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இழவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்த கணக்கப்பிள்ளை செல்வியிடம், "அம்மா சத்தியம் நெனப்பிருக்கட்டும்" என்றார்.

செல்வி நிமிர்ந்தாள். "சூடத்த நான் அணைக்கலையே."

நஷ்டஈட்டை மகள் கேட்கலாம், கண்ட சாட்சி வேண்டும் என்கிறார் வக்கீல். எங்களோடு குச்சி அடைத்த உங்களில் பலர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறீர்கள், சாட்சிக்கு உங்களைக் கூப்பிடவில்லை. அன்று பின்வாசல் பூட்டிக் கிடந்தது. முன்வாசலுக்கு ஓடும் முன் அந்தக் கதவை நானும் சுப்புத்தாயும் சேர்ந்துதான் தட்டினோம். இனி அதைச் சொல்ல என் வாய் ஒன்றுதான் மிச்சம். அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அது. கோர்ட்டில் இறக்கி வைக்கும்வரை வைத்திருப்பேன்.