குழலில் செருகிய விலைச்சீட்டு

லோவெல் நிஸ்வாண்டர் துப்பாக்கியை விற்கத்தான் சந்தையில் நடக்கிறார் என்று பன்னிரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்த மடச்சி நான். முதல் வருடமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். விற்க நினைக்கிற எவனும் அந்த விலையை எழுதமாட்டான்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, எங்கள் மாவட்டப் பொருட்காட்சி மைதானத்துப் பன்றிக் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை கூடும். கோடையில் பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கிற இடம் அது. என்னதான் கழுவினாலும் பனி உருகும் நாளில் பழைய வாசம் எழும்பிவிடும். வாசலுக்கு வலப்பக்கம் மூன்றாவது மேசை என்னுடையது. நான் துப்பாக்கி விற்கிறவள் அல்ல, உப்புக்கண்டம் விற்கிறவள். மிளகு போட்டது, போடாதது, சர்க்கரைப் பாகில் ஊறியது என்று மூன்று வகை மாட்டுக் கண்டம். துப்பாக்கி வாங்க வந்து வாங்காமல் போகிறவன், வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு என்னிடம் ஒரு பொட்டலம் வாங்குவான். என் பிழைப்பே அந்தக் கூச்சத்தில்தான் ஓடுகிறது.

சந்தையில் மேசை எடுக்க வசதி இல்லாதவர்களும் விற்கலாம். துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அதன் குழலில் ஒரு மரக்குச்சியைச் செருகி, குச்சியின் நுனியில் விலை எழுதிய சீட்டைக் குத்திக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் அந்தச் சீட்டுகள் ஆடி ஆடிப் போவது என் மேசையிலிருந்து தெரியும். பிடித்திருந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம்.

லோவெலின் சீட்டில் ஆயிரத்து ஐந்நூறு டாலர் என்று இருக்கும். அவர் முதன்முதலில் அதை எழுதிக்கொண்டு வந்தபோது அந்தத் துப்பாக்கி அறுநூறுக்கு மேல் போகாது. சேவேஜ் தொண்ணூற்றொன்பது என்கிற பழைய மான் வேட்டைத் துப்பாக்கி. உள்ளே எத்தனை தோட்டா பாக்கி என்று காட்ட அதன் இடுப்பில் ஒரு குட்டி ஜன்னல் உண்டு. கல்யாணமான வருடம், முட்டை விற்ற காசில், அவர் மனைவி வெல்டா ஹார்டுவேர் கடையில் பழையதாக வாங்கித் தந்தது. துப்பாக்கியின் மரப்பிடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். வெல்டாதான் வண்டிக் கதவை அதன்மேல் அறைந்து சாத்தினாள். மான் முட்டியது என்று சாகும்வரை சாதித்தாள். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கெல்லாம் லோவெல் சொல்வதை நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் அவரை நிறுத்துவார்கள். எதிர் மேசை ரஸ் பாம்கார்ட்னர்தான் முதலில் ஆரம்பிப்பான். பழைய துப்பாக்கி வியாபாரி, நாக்கு கொஞ்சம் நீளம்.

"என்ன பெருசு, துப்பாக்கியோட சோயா வயலையும் சேர்த்துக் குடுக்குறியா? இல்ல ஆயிரத்து ஐந்நூறு எதுக்குன்னு கேட்டேன்."

"வயலு வேணாம்ப்பா உனக்கு. ஒரு மணி நேரம் வேலை செஞ்சா செத்துருவ."

"எழுநூறு தரேன். குச்சியை நீயே வச்சுக்கோ."

"குச்சிதான் எழுநூறு."

பக்கத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். யானை விலை குதிரை விலை என்று யாராவது சொல்ல, லோவெல் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, "இந்த ஜன்னலைப் பாருங்க" என்று ஆரம்பிப்பார். பள்ளத்தின் கதை வரும். வெல்டா வருவாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் பத்தடி நடப்பார், அடுத்த ஆள் நிறுத்துவான்.

சந்தைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. குழலில் விலையைச் செருகிவிட்டால் அது வாக்கு. எழுதிய விலையை ஒருவன் நீட்டினால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். சில வருடம் முன்பு ஒரு ஆள் விற்கிற நேரத்தில், "மனசு மாறிட்டேன்" என்று பின்வாங்கினான். கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி அவனைப் பிடித்து உலுக்கியவர் வேறு யாருமல்ல, லோவெல்தான். "எழுதினா வாக்கு தம்பி. வாக்குத் தவறணும்னா வீட்டுல போய்த் தவறு" என்றார். அந்த ஆள் அப்புறம் எங்கள் சந்தைப் பக்கமே தலைகாட்டவில்லை.

போன ஜனவரியில் காலையிலேயே லோவெல் என் மேசைக்கு வந்தார். சீட்டின்மேல் காபி கொட்டி எண் ஊறிப் போயிருந்தது.

"ஓபல், உன் கையெழுத்து குண்டு குண்டா நல்லா இருக்கும். இதைக் கொஞ்சம் புதுசா எழுதிக் குடேன்."

இப்போது என் பங்கைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் ரஸ் என்னிடம் வந்து, "பெருசுகிட்ட சொல்லு ஓபல். அந்த ரகத்துக்கு இப்ப எக்கச்சக்க கிராக்கி. அவரோட ஆயிரத்து ஐந்நூறு இப்ப கிறுக்கு விலை இல்ல, சரியான விலை. கூட்டி எழுதச் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாரு" என்று சொல்லியிருந்தான். எனக்கு அது மறக்கவில்லை. பேனாவைத் திறந்தபோது நன்றாகவே ஞாபகம் இருந்தது. பாவம், பன்னிரண்டு வருடமாகச் சுமக்கிறார், முழங்கால் வேறு தேய்ந்துவிட்டது, இந்தத் தடவை விற்றுத் தொலையட்டும், நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பழைய எண்ணையே கொட்டை எழுத்தில், தூரத்திலிருந்தும் தெரிகிற மாதிரி எழுதினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

பதினொரு மணிக்கு டொலீடோ நகரத்துப் பக்கத்து ஆள் ஒருவர் அவரை நிறுத்தினார். சுத்தமான கோட்டு, மெதுவான பேச்சு. என் மேசைக்கு நாலடி தள்ளி நின்றார்கள். அவர் துப்பாக்கியை வாங்கிப் புரட்டினார், ஜன்னலைப் பார்த்தார், சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார். லோவெல் சிரித்த முகத்தோடு, அவர் என்ன குறை சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்.

"எடுத்துக்கிறேங்க."

லோவெலுக்குப் புரியவில்லை. "என்னது?"

"நீங்க எழுதியிருக்கிற விலைக்கே எடுத்துக்கிறேன்."

"அதுல ஒரு பள்ளம் இருக்கு."

"பார்த்தேங்க. பரவாயில்ல."

"அந்தப் பள்ளம் எப்படி வந்துச்சுன்னா..."

"பரவாயில்லங்க, அதெல்லாம் பழைய துப்பாக்கில இருக்கும்" என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து பணம் வைத்திருந்த உறையை எடுத்தார். நல்ல மனிதர்தான். ஒரு டாலர் குறைத்துக் கேட்டிருந்தால்கூட லோவெல் கோபப்பட்டு, முடியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் பேரமே பேசவில்லை.

லோவெல் சுற்றிலும் பார்த்தார். ரஸ் பார்த்துக்கொண்டிருந்தான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வரிசையில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரே அன்று உலுக்கிய ஆளின் முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எழுதினா வாக்குதான்" என்றார், யாரும் கேட்காமலே. விற்பனைச் சீட்டை எழுதவும் என் குண்டு எழுத்துதான் வேண்டியிருந்தது. வாங்குகிறவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் பெயரை எழுதினேன். லோவெல் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் குழலிலிருந்து குச்சியை உருவி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

"கும்பிட்டுக்கோ பெருசு, கடைசியில ஒரு பைத்தியக்காரன் கிடைச்சிட்டான்" என்று ரஸ் கூவினான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிப்ரவரிச் சந்தைக்கு அவர் வரவில்லை. மார்ச்சில் வந்தார். வாசலில் வெர்ஜில் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே வருகிற ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து பார்த்து, சுட முடியாதபடி பிளாஸ்டிக் நாடாவை மாட்டி இறுக்குவது அவர் வேலை. லோவெலைக் கண்டதும் பழக்கத்தில் நாடாவை எடுத்துவிட்டார். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "ஓ, ஆமால்ல" என்று அதைத் திரும்பப் பெட்டியில் போட்டார்.

லோவெல் நடந்தார். முதல் வரிசை, இரண்டாவது வரிசை, கடைசியில் சர்ச் பெண்கள் கோழி பிய்த்துப்போட்ட சாண்ட்விச் விற்கிற இடம், அங்கிருந்து திரும்பி மறுபடி முதல் வரிசை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். ஒருவரும் அவரை நிறுத்தவில்லை. ரஸ்கூடத் தலையை மட்டும் ஆட்டினான். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் ஊர் ஆண்கள் ஒருவரையொருவர் "எப்படி இருக்க" என்று கேட்கமாட்டார்கள். "எந்த வருஷத்து மாடல்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த நலம் விசாரிப்பு அது ஒன்றுதான். வெறும் தோளைப் பார்த்து என்ன கேட்பார்கள்?

மூன்றாவது சுற்றில் என் மேசைக்கு வந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அந்தக் காசுல வேற ஒண்ணு வாங்கலாமே லோவெல். ரஸ்கிட்ட நல்லதா நாலு இருக்கு."

"வாங்கலாம். அதைப் பத்தி நான் என்னத்தைச் சொல்றது?"

நான் பொட்டலங்களை அடுக்கினேன்.

"மகன் அரிசோனால இருக்கான். கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். வீட்டுல போன் அடிச்சா விளம்பரக்காரன்தான்" என்றார். "மாசத்துல இந்த ரெண்டு நாள்தான் ஓபல் நான் வாய் தொறந்து பேசுறது. யாராவது வெல்டா பேரைக் கேக்குறதும் இந்த ரெண்டு நாள்தான். அதுக்குத்தான அந்த விலை. யாரும் வாங்கக்கூடாதுன்னுதான எழுதினேன்."

ரஸ் டிசம்பரில் சொன்னதையும், நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டதையும் சொல்லிவிட்டேன். நல்லதுக்குத்தான் நினைத்தேன் என்றும் சொன்னேன். அந்த வார்த்தை எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "சொல்லியிருக்கலாம்" என்றார். ஒரு பொட்டலம் மிளகுக் கண்டம் வாங்கிக்கொண்டு, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காசை வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கண்டம் வாங்கியது அதுதான் முதல் தடவை. பல்லுக்கு ஆகாது அவருக்கு.

அன்று வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். என் வீட்டிலும் போன் அடித்தால் விளம்பரக்காரன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஞாயிறு. கதவு திறந்த கையோடு வந்தார். கையில் அந்தப் பழைய குச்சி, வெற்று அட்டை.

"எழுது. விலை இல்ல இந்தத் தடவை. 'தேவை'ன்னு போடு."

"என்ன தேவை?"

"எதுவா இருந்தா என்ன? யாருகிட்டயும் இல்லாத ஒண்ணா இருக்கணும்."

இந்தத் தடவை யோசிக்காமல் எழுதக்கூடாது என்று ரஸ்ஸிடம் போய்க் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கையிலிருந்த துப்பாக்கியைக் கீழே வைத்தான். பிறகு ஒரு ரகத்தைச் சொன்னான். இடது கைக்காரர்களுக்காக ஒரு சின்ன கம்பெனி செய்த வேட்டைத் துப்பாக்கி, மொத்தமே முப்பதோ நாற்பதோதான் செய்தார்களாம், கம்பெனியும் மூடி யுகமாகிறதாம். "குதிரைக் கொம்பு. என் ஆயுசுல ஒண்ணுகூடப் பார்த்ததில்ல" என்றான். எழுதிக் கொடுத்தேன். லோவெல் குச்சியைக் கோட்டுப் பையில் நிமிர்த்திச் செருகிக்கொண்டார். அவரோ வலது கைக்காரர்.

மதியத்துக்குள் மூன்று பேர் நிறுத்தினார்கள். பழைய நாளாக இருந்தால் முப்பது பேர் நிறுத்தியிருப்பார்கள். ஆனாலும் மூன்றாவது ஆளிடம் அவர் கை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. "எம் பொண்டாட்டி இடது கை. அதனாலதான் அந்தக் கதவை அப்படிச் சாத்தினா" என்பது காதில் விழுந்தது. அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. நான் இன்றுவரை கேட்கவில்லை.

மேசைகளுக்குத் துணி மூடுகிற நேரத்தில் வேக வேகமாக வந்தார். முழங்கால் வலியோடு அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. குச்சியிலிருந்து அட்டையைப் பிடுங்கி என் முன்னால் போட்டார்.

"மாத்து ஓபல், இதை மாத்து. ஃபின்லே ஊர்க்காரன் ஒருத்தன், அவன் மாமனார்கிட்ட ஒண்ணு இருக்காம். ஏப்ரலுக்குக் கொண்டு வரேங்கிறான்."

"நெசமாவா? அட, நல்லதுதானே."

"நல்லதா?" என்றார். "அவன் கொண்டுவந்துட்டா அப்புறம் நான் எதைத் தேடுறது?"

நான் பேனாவைத் திறந்தேன்.