பலகைச் சுவர்

போன வாரம் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு புது சோபா வந்தது. லிப்டில் நுழையாது என்று மாடிப்படி வழியாகத் தூக்கி வந்தார்கள். வாசலையும் தாண்டிவிட்டது. உள்ளே செருப்பு அலமாரிக்குப் பக்கத்துத் திருப்பத்தில்தான் மாட்டிக்கொண்டது. இப்படிச் சாய், அப்படித் தூக்கு என்று மகன் கத்துகிறான். மருமகள் புது பெயிண்டைப் பார்த்துப் பதறுகிறாள். நானும் என் மனைவி வசந்தாவும் பால்கனிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு வந்தோம். சிரிக்க எங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் வீட்டில் மாட்டியது சோபா இல்லை, காவடி.

திருத்தணியில் மலைக்குப் போகும் வழித் தெருவில் இருந்தது எங்கள் வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். அகலம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நீளம் மட்டும் தெருவில் தொடங்கிப் பின்சந்து வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். ஊரில் அதற்குப் பெயரே ரயில்பெட்டி வீடு. எனக்கு அரக்கோணத்தில் வேலை. தினமும் ஒரு பெட்டியிலிருந்து இறங்கி இன்னொரு பெட்டியில் ஏறுகிறான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். வாசல், கூடம், சமையல்கட்டு, கிணற்றடி எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. தெருவில் நின்று பார்த்தால் கிணற்று ராட்டினம் தெரியும். நடுவில் அடுப்பும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் வசந்தா. பிறந்தது பெரம்பூரில். அங்கும் ஒண்டுக் குடித்தனம்தான், ஆனால் அறைக்குக் கதவு உண்டு. எங்கள் வீட்டில் புடவை மாற்ற வேண்டும் என்றால்கூட நைனா கடைத்தெருவுக்குக் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். நைனா என்றது என் அப்பாவை. எங்கள் பக்கத்தில் உறவுகளைக் கூப்பிடுவதே பாதித் தெலுங்கில்தான். அம்மா இறந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் பெண்கள் சங்கடம் எதுவும் எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

"ஏங்க, மலைக்குப் போற ஜனம் பூரா நம்ம அடுப்புல இன்னா கொதிக்குதுன்னு பாத்துகினு போவுது" என்று ஆரம்பித்தாள் ஒருநாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு நகை வாணாம், பட்டுப் புடவை வாணாம். ஒரு கதவு வேணும். உள்ள தாப்பா போடற கதவு."

நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். அவரோ பாதியிலேயே, "ஆங், கட்டிடலாம்" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் ஆர்வத்தை! தரைக்குச் சிவப்பு சிமெண்டு, நின்று சமைக்க மேடை, குழாயோடு ஒரு தொட்டி. கூடத்துக்குக் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பி வசந்தாவுக்கு ஓர் அறை. இனி தெருவிலிருந்து நேராக உள்ளே போக முடியாது. அறையைச் சுற்றி வளைந்து ஒரு சந்து வழியாகப் போக வேண்டும். கொத்தனாரும் நைனாவும் நானும் சணல் கயிற்றை வைத்துக்கொண்டு பீரோ திரும்புமா, கட்டில் திரும்புமா என்று அளந்து அளந்து பார்த்தோம். வாங்கவே வாங்காத பிரிட்ஜுக்குக்கூட அளவு எடுத்தேன். ஈர சிமெண்டு வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும், அந்த மாதம் நாங்கள் மூவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

அறை முடிந்த அன்று மாலை வசந்தா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவளிடம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணியும் இல்ல. சும்மா உக்காந்துகினு இருந்தேன்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆடி பிறந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள், வழக்கம்போல ஆந்திராவில் நகரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் தன் ஊர்க்காரர்களோடு வந்து இறங்கினார். மாந்தோப்புக்காரர். நைனாவை மச்சான் முறை வைத்துப் பாவா என்பார். ரத்த உறவு ஏதும் இல்லை, எங்கள் கிணற்றடியில் வருடா வருடம் காவடி கட்டி வந்த உறவுதான். மூங்கிலைத் தனித்தனியாக உள்ளே கொண்டுபோய், அங்கே வளைத்துக் கட்டி, சாமந்தியும் முல்லையும் சுற்றுவார்கள். அந்த வருடம் அவருடைய மூத்த மகள் பிரசவத்தில் பிழைத்து எழுந்ததற்கான வேண்டுதல். அதனால் காவடி எப்போதையும்விட நீளம். மகளும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

விடிந்ததும் காவடியைத் தோளில் ஏற்றினார். "அரோகரா!" என்று எல்லோரும் குரல் கொடுத்தார்கள். சமையல்கட்டைத் தாண்டினார். சந்தின் வளைவில் நின்றுவிட்டார்.

முன்னால் போனால் சுவர் இடிக்கிறது. திரும்பினால் பின்பக்கம் இடிக்கிறது. சாய்க்கலாம் என்றால் இரண்டு முனையிலும் பால்குடம். பின்கதவோ குனிந்து போகிற கதவு. அந்தச் சாக்கடைச் சந்து வழியாகச் சாமி காவடியை யார் கொண்டுபோவார்கள்?

"இன்னா பாவா, ஊட்டுக்குள்ளயே முக்கு வெச்சிட்டீங்க?" என்றார் முனிரத்தினம், தோளில் காவடியோடு.

நைனா என்னைப் பார்த்தார். நான் சணல் கயிற்றை நினைத்துக்கொண்டேன்.

"பரவால்ல, அவுத்துட்டு வெளிய போயி கட்டிக்கலாம்" என்று முனிரத்தினமே சொன்னார். ஆனால் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மகள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கினாள். யாரும் வசந்தாவின் அறையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வசந்தா அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவளோ முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து சமையல்கட்டில் வைத்தாள். அடுத்து அவளுடைய டிரங்குப் பெட்டி. அடுத்து கொடியில் கிடந்த புடவைகள். பிறகு நைனாவிடம் வந்து, "மாமா, கடப்பார எங்க கீது?" என்றாள்.

"வாணாம்மா" என்றார் நைனா.

"அவரு தோளு வலிக்கும், சீக்கிரம் இடிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஒற்றைச் செங்கல் சுவர், கட்டிய வேகத்தைவிட வேகமாக விழுந்தது. காவடி செங்கல் குவியல்மேல் ஏறி, பழைய கதவுகள் வழியாக நேராகத் தெருவில் இறங்கியது. நிலைப்படியில் உரசி உதிர்ந்த சாமந்தியை வசந்தா கூட்டி அள்ளினாள்.

ஆடி முடிவதற்குள் முனிரத்தினம் மறுபடி வந்தார், மொட்டைத் தலையோடு, பஸ் கூரைமேல் மாம்பலகைகளை ஏற்றிக்கொண்டு. கூடவே அவர் ஊர்த் தச்சர். மளிகைக் கடைக்குப் போடுவார்களே, மேலும் கீழும் காடிப் பள்ளம் வெட்டி ஒவ்வொன்றாகச் செருகுகிற பலகை, அப்படியே ஒரு சுவர் செய்து நிறுத்தினார்கள். கதவும் தாழ்ப்பாளும் உண்டு.

"வருசம் முச்சூடும் உன் சுவரும்மா. ஒரே ஒரு நாளு எங்களுக்குக் குடு" என்றார். வசந்தா தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டு, அவருக்குக் காபி கலக்கப் போனாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் அவளே பலகைகளைக் கழற்றுவாள். என்னைத் தொட விடமாட்டாள், வரிசை மாற்றிவிடுவேனாம். அன்றைக்கு மட்டும் தெருவில் போகிறவர்கள் அடுப்பைப் பார்த்தால் கோபம் வராது. "மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளிருந்தே கூப்பிடுவாள். மற்ற நாட்களில் அறை, தாழ்ப்பாள், அவள் ராஜ்யம். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

பிறகு தெருவில் லாட்ஜுகள் வந்தன. முனிரத்தினம் காலமான பின் அவருடைய மகன்கள் வேனில் வந்து, லாட்ஜிலேயே காவடி கட்டி, எங்கள் வீட்டுக்குப் பிரசாதம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று அந்த வீடும் இல்லை. பொதுச்சுவர் வைத்த வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை. வீடு இருந்தபோதே, எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம், பிரசாதம் கொடுக்க அந்த மகன்களும் வரவில்லை. வசந்தா வழக்கம்போல விடியற்காலையிலேயே பலகைகளைக் கழற்றி, கிணற்றடியைக் கழுவிவிட்டு வைத்திருந்தாள். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு நான் பலகையை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டுங்க. நாளைக்கு வந்தாலும் வருவாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பலகைகளை அவள் திரும்ப மாட்டவே இல்லை, என்னை மாட்டச் சொல்லவும் இல்லை.