துக்கத்தில் நின்ற இறக்கை

அப்பா இறந்து ஏரிக்கரைக் காற்றாலை மகள் ட்ரைனின் பொறுப்புக்கு வந்தபோது, பெண்பிள்ளை கைக்கு இறக்கை அடங்குமா என்று ஊரில் பந்தயமே நடந்தது. அடங்கியது. பதினொரு வருடங்களில், ஓடும் இறக்கையைத் தடைக்கயிற்றால் நினைத்த இடத்தில் நிறுத்துகிறவள் என்று பெயர் எடுத்துவிட்டாள். அந்த ஊரில் அது சின்ன விஷயமல்ல. வீட்டுச் சேதியை ஊருக்குச் சொல்வதே நிற்கும் இறக்கைதான். ஓர் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றால் நல்ல சேதி. உச்சியைத் தாண்டி நின்றால் சாவு. தொட்டிலுக்கும் சவப்பெட்டிக்கும் நடுவே ஒரு முழம்தான்.

தங்கை நேலுக்காக இரண்டு முறை அவளே அந்த ஒரு முழத்தைத் தாண்ட விட்டிருக்கிறாள். இரண்டு குழந்தைகளும் பிறந்த அன்றே போய்விட்டன. மூன்றாவது பிரசவத்துக்கு நேல் அக்கா வீட்டுக்கே, ஆலைக்கே, வந்துவிட்டாள். அவள் கணவன் யோரிஸுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஏரிக்கு அக்கரையில் நாணல் அறுக்கப் போனான்.

"ஆள் அனுப்ப வேண்டாம் அக்கா. இறக்கையப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகில் ஏறினான்.

பத்து மணிக்கு மருத்துவச்சி பெண் குழந்தை என்றாள். தாயும் சேயும் நலம். ட்ரைன் மரச்செருப்பு தடதடக்க வெளியே ஓடினாள். இறக்கைகள் நல்ல வேகத்தில் சுற்றின. கயிற்றைப் பிடித்தாள், கணக்கிட்டாள். கயிற்றை விட்டுத் தடையைக் கவ்வவிட வேண்டிய அந்த நொடியில் குழந்தை உள்ளிருந்து வீரிட்டது. இரண்டு முறை கேட்கக் கிடைக்காத அழுகை. ட்ரைன் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது இறக்கை உச்சியைத் தாண்டி நின்றிருந்தது.

மறுபடி சுற்றவிட்டுப் பிடித்தால் தீர்ந்தது என்று தடையைத் தளர்த்தினாள். இறக்கை அசையவில்லை. காற்று செத்துப்போயிருந்தது. பின்னால் தள்ளவும் வழியில்லை. ஆலை ஒரு பக்கம்தான் சுற்றும். அதற்குள் கோவில் மணி ஒற்றை ஒற்றையாக ஒலிக்க ஆரம்பித்தது. கறுப்புச் சால்வைகள் கரைமேட்டில் வரிசையாக வந்தன. அக்கரையில் யோரிஸின் படகு கிளம்பியிருந்தது. பாதி ஏரியில் துடுப்பு நின்றது. அவன் தொப்பியைக் கழற்றுவது இங்கிருந்தே தெரிந்தது.

மணியடித்துவிட்டு ஓடி வந்த வெசெல்தான் முதலில் வந்து சேர்ந்தார். கண் கலங்கியிருந்தார்.

"அழாதீங்க வெசெல் மாமா. குழந்தை உயிரோட இருக்கு. நான்தான் தப்பா நிறுத்திட்டேன்."

"நீயா?" வெசெல் மூக்கைத் துடைத்தார். "பதினோரு வருஷமா தப்பாத கைன்னு எங்களப் படுத்துன பாடு என்ன! இருபத்து மூணு தடவ மணியடிச்சேன்டி. தோளு போச்சு."

"அப்புறமா திட்டுங்க. இப்போ இறக்கையத் தள்ளுங்க."

துக்கம் கேட்க வந்த பன்னிரண்டு பேரும் சால்வைகளைப் புல்லில் வீசினார்கள். ட்ரைன் தடையைத் தூக்கிப் பிடித்தாள். தரையைத் தொடுவதுபோல் தொங்கிய இறக்கையின் சட்டத்தில் எல்லோரும் தோள் கொடுத்தார்கள். ஆலை முனகிற்று, பிறகு நகர்ந்தது. அந்த இறக்கை கைக்கு எட்டாமல் மேலேற, அடுத்தது இறங்கி வந்தது. அதைப் பிடித்துத் தொங்கினார்கள். இறுதிச் சடங்குக்கென்று போட்டு வந்த வெசெலின் கோட்டு முதுகில் டர்ரென்று கிழிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் ட்ரைன். உள்ளே குழந்தை மறுபடி வீரிட்டது. இந்தத் தடவை அவள் திரும்பவில்லை. "இன்னும் ஒரு சாண். போதும்."

கயிற்றை விட்டாள். தடை கவ்வியது. இறக்கை உச்சிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஏரி நடுவே படகு அசையாமல் கிடந்தது. எல்லோரும் தண்ணீரோரத்துக்கு ஓடினார்கள். தொப்பி ஒன்று உயரே பறந்து தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் துடுப்புகள் பறந்தன.