ஒரே கணக்கில் மூன்று தளங்கள்

காலை ஆறு இருபது. அன்று கல்லறைத் திருநாள். பதுளை நகரில் என் மச்சானின் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, வெள்ளைத் திரையில் ஒரே ஆங்கில வரி: இந்தக் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது.

மச்சான், என் மனைவியின் தம்பி, மூன்று இணையக் கருத்துக்களங்கள் நடத்தினார். பழைய பாட்டுகளுக்கு ஒன்று, வாங்க விற்க ஒன்று. மூன்றாவது, மண்சரிவில் புதைந்த ஒரு தேயிலைத் தோட்டத்து மக்களுக்கானது. அதில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. மூன்றும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் எடுத்த ஒரே வாடகைக் கணக்கில் இருந்தன. பாட்டுத் தளத்தில் யாரும் சேரலாம் என்பதால் விளம்பரக் குப்பை நிறைந்தது. பத்திரிகையில் வேலை பார்க்கும் நான், செத்தவர்களின் தளத்தையாவது தனியாகப் பிரித்துவிடு என்று சொன்னேன்.

"பேப்பர்காரருக்கு எல்லாத்தையும் பத்தி பத்தியாப் பிரிக்கணும். லயத்துல ஒரே கூரைக்குக் கீழ பத்து வீடு இருந்தோமே, மச்சான். செத்தவங்கள மட்டும் தள்ளி வெக்கச் சொல்றீங்களா? பாட்டோட இருக்கட்டும்" என்றார்.

சரிவில் லயங்களோடு படங்களும் போயின. நமுனுகுல, தெமோதரைப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் மிஞ்சியிருந்தவற்றைத் தேடி வாங்கி ஸ்கேன் செய்து ஏற்றினார். அப்படிக் கிடைத்ததுதான் அந்தத் தோட்டத்து அக்கா ஒருவரின், சரிவில் இறந்த கணவருடைய படம். அந்த முகத்துக்கு வேறு படமில்லை. அவருடைய உடலும் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை எப்படி மண்ணில் வைப்பது என்று அக்கா அழுதபோது மச்சான்தான் சொன்னார்: "படத்த பெட்டியில வெச்சிடுங்கக்கா. இங்க எப்பவும் இருக்கும்." அவர்களும் வைத்துப் புதைத்தார்கள். பிறகு மச்சான் கடைக் கணினியை மாற்றியபோது, எல்லாம்தான் தளத்தில் இருக்கிறதே என்று பழையதை அழித்துவிட்டார். வாரந்தோறும் எடுத்த காப்புப் பிரதிகளும் அதே கணக்கில்தான் கிடந்தன.

அக்காவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் தேவாலயம் முடிந்ததும் படத்தைப் பார்க்க மகளோடு கடைக்கு வருவார். கணவர் போனபோது அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது. மேசையில் மெழுகுதிரி ஏற்றுவார்.

"கம்ப்யூட்டர்ல புகை படியுதுக்கா."

"படியட்டும் தம்பி. அவரு குடிச்ச பீடிக்கு இது ஒரு புகையா?"

நிறுவனத்துக்கு நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ஒன்பது மணிக்குப் பதில் வந்தது, இரண்டே வரி. பாட்டுத் தளத்தின் வழியாக மோசடி மின்னஞ்சல்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கைகளுக்குப் பதில் இல்லாததால் கணக்கு முழுவதும் அழிக்கப்பட்டது. அந்த எச்சரிக்கைகள் மச்சான் திறக்காத ஒரு முகவரியில் வரிசையாக இருந்தன.

பத்து மணிக்கு அக்கா வந்தார். மகள் வழக்கமான நாற்காலியில் ஏறி அமர்ந்தாள். மச்சான் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அக்கா மெழுகுதிரியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "இவ மொகத்த மறந்துருவாளே தம்பி" என்றார்.

மச்சான் பிள்ளையின் முன் குந்தினார். ஸ்கேன் செய்த நாளில் அந்தப் படத்தை மணிக்கணக்காகப் பார்த்தவர் அவர். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒங்க அப்பாவுக்குச் சுருட்ட முடி. எடது புருவத்துல ஒரு தழும்பு" என்று தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

பிள்ளையும் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தழும்பு இல்ல தம்பி," என்றார் அக்கா. "அது படத்துல விழுந்த கீறல்."