வள்ளப் பச்சையில் ஒரு சிலுவை

காலை ஆறு இருபத்தைந்து. அரிப்பு ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது நான் முதலில் கண்டது ஒரு மினுக்கம். இரண்டாவது வரிசையின் முடிவில், ஆளின் தோள் உயரத்தில், அப்போதுதான் எழுந்த வெயில் ஏதோ ஒன்றில் பட்டுக் கண்ணில் அடித்தது. அந்த இடத்தில் மினுங்கக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே நின்றது நான் நிறமேற்றிய சிலுவை. அதிலிருந்த மினுக்கத்தைப் போக்குவதற்கே மூன்று வாரம் வேலை செய்திருந்தேன்.

அன்று நவம்பர் முதலாம் திகதி. மறுநாள் இறந்தோர் திருநாள். எங்கள் கரையில் அந்த நாளில் சேமக்காலையில்தான் பூசை நடக்கும். பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அந்த வருடம் புதிதாக வைத்த சிலுவைகளை மந்திரித்து ஆசீர்வதிப்பார். முதல் நாளே சொந்தக்காரர்கள் வந்து புல்லுப் பிடுங்கி, சுண்ணாம்பு பூசி, சிலுவைகளைத் துடைத்து வைப்பார்கள். இது எனக்குத் தெரியும். நானும் இந்தக் கரையில் பிறந்தவன். ஆனால் அந்த அதிகாலையில் யாராவது எனக்கு முன் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

சிலுவையைச் செய்யச் சொன்னவர் அரிப்பில் இருக்கும் ஓர் அக்கா. அவருடைய கணவர் கடற்றொழிலாளி. முந்தின வருடம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்தபடி இறந்துபோனார். கல்லறைக்கு என்ன சிலுவை வைப்பது என்று அக்கா சேமக்காலையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். இரும்புச் சிலுவைகள் உப்புக் காற்றில் செதில் செதிலாக உதிர்ந்திருந்தன. சீமெந்துச் சிலுவைகளுக்கு உள்ளே கம்பி துருப்பிடித்து, வெளியே வெடித்திருந்தது. மன்னார் நகரில் என் மனைவியின் தம்பி நடத்தும் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சிலுவை செய்வார்கள் என்று யாரோ சொல்ல, அங்கே வந்தார்.

மச்சான் காட்டிய மாதிரிகள் எல்லாம் கண்ணாடிபோலப் பளபளத்தன. இப்போது ஊரில் எல்லோரும் கேட்பது அதைத்தான். அக்கா தலையை ஆட்டினார். பளபளப்பு வேண்டாம், பச்சை வேண்டும் என்றார். பெயின்ற் அடித்துத் தரலாம் என்று மச்சான் சொன்னபோதுதான் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"பெயின்ற் வேண்டாம். இந்தக் காத்துக்கு ரெண்டு வருஷத்தில உரிஞ்சு தொங்கும். நிறம் அதோடயே பிடிச்சு நிக்கவேணும்."

மச்சான் அவரைப் பின்பக்கத்துக் கொட்டிலுக்கு அனுப்பினான். அங்கே இருப்பது நான்.

கொழும்பில் ஒரு பத்திரிகையில் இருபது வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் உலோகத்துக்கு நிறமேற்றும் வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. ஊருக்குத் திரும்பியபோது மச்சானுக்கு ஒரு விடுதியின் பெயர்ப்பலகைக்கான வேலை வந்திருந்தது. பழைய செம்பு போன்ற நிறத்தில் கேட்டிருந்தார்கள். அவனுக்குப் பொறுமை இல்லை. எனக்கு நேரம் இருந்தது. ஒரு விடயத்தைக் கடைசிவரை சரிபார்க்காமல் வெளியே விடாத பழக்கம் இந்த வேலைக்கும் பொருந்தியது. இன்று புத்தளத்திலிருந்துகூட எங்களைத் தேடி வருகிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிறத்தை ஏற்காத உலோகம். துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அது தன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை வைத்திருக்கிறது. எதை ஊற்றினாலும் அந்தத் தோல் வெளியே நிறுத்திவிடும். ஆகவே முதலில் அதை உரசி எடுக்க வேண்டும். பளபளப்பு முழுவதும் போய்ச் சாம்பல் நிறம் வரும்வரை உரசுதாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு அசிற்றோனால் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொட்டால், தொட்ட விரலின் அடையாளம் கடைசிவரை போகாது. அடுத்தது மருந்து. பட்டறையில் இரசாயனக் கலவைகள் எல்லாவற்றையும் மருந்து என்றுதான் சொல்கிறோம். முதல் மருந்து, தோல் மறுபடி மூடுவதற்கு முன் மெல்லிய செம்புப் படலம் ஒன்றைப் படியவைக்கும். அப்போது உருக்கு இளஞ்சிவப்பாகும். இரண்டாவது மருந்தை, உலோகத்தைக் காஸ் விளக்கால் சூடாக்கி, தண்ணீர்த் துளி விழுந்தால் சீறும் பதத்தில் பூச வேண்டும். செம்பு பச்சையாகும். எவ்வளவு சூடு, எத்தனை தடவை என்பதில்தான் பச்சை நீலத்துக்குப் போகிறதா, மஞ்சளுக்குப் போகிறதா என்பது இருக்கிறது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் செய்யக் கூடாது.

கழுவுவதற்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் உதவாது. உவர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கோடு விழும். பற்றரிக்கு விடுகிற தண்ணீரைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் கழுவுகிறேன். கடைக்காரர் எங்களிடம் எத்தனை வாகனம் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டார்.

எந்தப் பச்சை என்று அக்காவிடம் கேட்டேன். சொல்லால் அவரால் சொல்ல முடியவில்லை. நிற அட்டையைக் காட்டினேன். எதுவும் இல்லை என்றார். கடைசியில் அது கணவருடைய வள்ளத்தின் நிறம் என்று சொன்னார். கணவர் ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் தன் கணக்கில் கலந்து வருடா வருடம் அடித்த நிறம். வேறு யாருடைய வள்ளத்துக்கும் அது இருக்கவில்லை. கரையிலிருந்து பார்த்தால், எத்தனை வள்ளம் திரும்பினாலும் தன் வீட்டு வள்ளம் எது என்று அக்காவுக்குத் தெரியும். இதைச் சொல்லிவிட்டு, வேறு ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். தம்பி, சிரிப்பினம் என்றார்.

வள்ளம் அப்போது தலைமன்னாரில் ஒருவரிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் பஸ்ஸில் போனோம். பழைய இறங்குதுறைக்கு இந்தப் பக்கம், மணலில் இழுத்து வைத்திருந்தார்கள். புதிய சொந்தக்காரர் இன்னும் நிறம் மாற்றவில்லை. நான் நிழலிலும் வெயிலிலும் படம் எடுத்தேன். உரிந்திருந்த ஒரு செதிலைக் கேட்டு வாங்கி, கடதாசியில் மடித்து வைத்தேன். அக்கா வள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒரு பக்க விளிம்பில் பெயின்ற் அறவே இல்லை. வருடக்கணக்காக வலை உரசி, அந்த இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அதில் கையை வைத்து அக்கா கொஞ்ச நேரம் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

பதினொரு துண்டுகளில் சோதித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது அந்தச் செதிலோடு சேர்ந்தது. பக்கத்தில் வைத்தபோது எது பெயின்ற், எது உருக்கு என்று மச்சானுக்கு உடனே சொல்ல முடியவில்லை. இந்த வேலையில் நான் செய்தவற்றுள் அதுதான் சிறந்தது என்று அப்போதும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அக்கா பட்டறைக்கு வந்து சிலுவையைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம், இதுதான்" என்றார். மறுநாளே சேமக்காலைக்குக் கொண்டுபோய்க் கல்லறையின் சீமெந்து மேடையில் பூட்டினோம்.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. நிறத்துக்கு மேல் நிறமற்ற லேக்கர் அடிக்க வேண்டும். அதை அடிக்காதவரை அந்தப் பச்சை வெறும் படலம். அமிலம் பட்டால் போய்விடும். பூட்டும்போது கீறல் படலாம் என்பதால் லேக்கரைக் கடைசிக்கு வைப்பேன். பூட்டிய அன்று மாலை மழை தொடங்கியது. ஈரத்தில் லேக்கர் அடித்தால் பால்போல வெளுக்கும். நாளுக்கு நாள் தள்ளி, நவம்பர் முதலாம் திகதி வானம் வெளித்த பிறகுதான் லேக்கரையும் அதைத் தெளிக்கிற விசிறியையும் கட்டிக்கொண்டு வந்தேன்.

சிலுவைக்கு முன்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வயதான பெண் நின்றார். காலடியில் புளி கரைத்த கிண்ணம், சாம்பல், தென்னந்தும்பு. சிலுவையின் இடது கை நுனியிலிருந்து நடுப்பகுதி வரை வெறும் உருக்காகப் பளபளத்தது. அவர் நடுத்தண்டில் கை வைக்கப்போகும் நேரம் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையை அப்படிப் பிடித்தது வாழ்க்கையில் அன்றுதான்.

அவர் இறந்தவரின் மூத்த சகோதரி. பேசாலையிலிருந்து முதல் நாள் மாலை வந்து, அக்கா வீட்டில் தங்கி, வெயில் ஏறமுன் தம்பியின் கல்லறையைத் துப்புரவாக்கப் புறப்பட்டவர். சிலுவையை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் யார் என்று சொன்னதும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்களோ இதைச் செய்தது? வச்சு ஒரு கிழமை ஆகேல்லை, முழுக்கக் களிம்பு. பேசாலைக் கோயிலில மெழுகுதிரிக்கால் எல்லாம் நான்தான் மினுக்கிறனான். பாருங்கோ, அரை மணித்தியாலத்தில என்ன மாதிரி வந்திருக்கெண்டு."

என்ன மாதிரி வந்திருக்கிறது என்று பார்த்தேன். ஒரு புள்ளி பச்சைகூட மிச்சம் இல்லை. பித்தளையில் பச்சை கண்டால் புளி போட்டுத் தேய்ப்பதுதான் அவர் கை அறிந்த வேலை, அதை அவர் மிக நன்றாகச் செய்திருந்தார். இது களிம்பு அல்ல, கேட்டுச் செய்த நிறம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. காசு கொடுத்து யாராவது களிம்பு பிடிக்க வைப்பார்களா என்று கேட்டார். நான் சோதித்த துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தும்பைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லறையின் மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் பச்சை என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்குப் பதற்றம் இருக்கவில்லை. மச்சானுக்குத் தொலைபேசி எடுத்து, காஸ் விளக்கு, இரண்டு மருந்து, தாள், பற்றரித் தண்ணீர், காற்று மறைக்க நாலு தகரம் ஆகியவற்றைக் கொண்டு வரச் சொன்னேன். சிலுவையின் கையைத் தேய்த்து, துடைத்து, செம்பு ஏற்றி, பச்சையாக்கி முடிக்கக் காலை பத்தரை ஆகிவிடும். லேக்கர் மத்தியானத்துக்குள் முடியும். மறுநாள் பூசைக்கு எந்த இடத்தில் திருத்தினேன் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மச்சான் மருந்து எல்லாம் வாகனத்தில் ஏற்றிவிட்டதாகச் சொன்ன நேரம், அக்கா சுண்ணாம்பு வாளியோடு வாசலால் வந்தார்.

கல்லறைக்குப் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார். அக்காவுக்கு மச்சாளான அந்தப் பெண் எழுந்தார்.

"மச்சாள், நான் களிம்பெண்டு நினைச்சிட்டன். நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். மத்தியானத்துக்குள் சரியாக்கித் தருவேன், கவலைப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சிலுவையிடம் போய், தேய்த்த கையில் உள்ளங்கையை வைத்து, நுனியிலிருந்து பச்சை தொடங்கும் இடம் வரை தடவினார். அதே மாதிரி அவர் கை வைத்து நின்றதை நான் முன்பு ஒருமுறை பார்த்திருந்தேன்.

"இது அவற்ர வள்ளத்தின்ர பச்சை" என்று மச்சாளிடம் சொன்னார். "கலந்து அடிப்பாரே, அது. வலை இழுக்கிற பக்கம் இப்பிடித்தான் தேஞ்சு போயிருக்கும். எத்தினை தரம் அடிச்சாலும் அந்த இடத்தில மட்டும் நிக்காது."

மச்சாள் சிலுவையை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். "அந்த நாசமாப்போன நிறமோ" என்றார். "என்ர கலியாணத்துக்கு முதல் நாளும் கையில அந்தப் பச்சையோடதான் நிண்டவன்." இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் விசிறியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்தக் கையை அப்பிடியே விடுங்கோ" என்றார் அக்கா.

என் சிறந்த வேலையை மூளியாக விட்டுப்போக எனக்கு மனமில்லை. எழுத்துப் பிழையோடு முதல் பக்கத்தை அச்சுக்கு அனுப்பச் சொன்னது போல இருந்தது. அதனால் உண்மையான தொழில்நுட்பக் காரணம் ஒன்றைச் சொன்னேன். இந்தக் கடற்காற்றில் வெறுமையாக விட்ட உருக்கு ஆறு மாதத்தில் தேத்தண்ணிக் கறைபோலப் பழுப்பேறும். துருவல்ல, ஆனால் அசிங்கமாக இருக்கும். அப்படியே விடுவதென்றால் அதற்கும் சேர்த்து லேக்கர் அடித்து மூடுகிறேன் என்றேன்.

"மூடாதேங்கோ. மினுக்க ஆள் இருக்குத்தானே."

மச்சாள் கிண்ணத்தைத் தூக்கி, மிச்சப் புளியை வேலியோரம் ஊற்றினார்.

மச்சானைத் திரும்பிப் போகச் சொன்னேன். அவன் முருங்கன் சந்தி தாண்டி வந்துவிட்டிருந்தான். தொலைபேசியில் அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. பச்சை தொடங்கும் கோட்டில் நாடா ஒட்டி, இடது கையைக் கடதாசியால் சுற்றி, மற்ற இடம் எல்லாவற்றுக்கும் மூன்று தடவை லேக்கர் அடித்தேன். மறுநாள் சுவாமி தீர்த்தம் தெளித்தபோது துளிகள் பச்சையில் உருண்டு விழுந்தன. வெறுமையாக விட்ட சிலுவைக் கையில் பரவி நின்றன. இது சீரான வேலையா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சொன்னபடி செய்த வேலை என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் முதலாம் திகதியும் அரிப்புக்குப் போய் லேக்கரைப் பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரை எங்கும் உரிந்து கிளம்பவில்லை.

இந்த வருடம் மச்சாள் புளியோடு ஒரு பல் தீட்டும் பிரஷும் கொண்டுவந்திருந்தார். நுனியிலிருந்து தொடங்கி, பச்சை தொடங்கும் இடத்தில் நிறுத்தினார்.