டோறின் வாசித்த கொலைக்கதை

யாழ்ப்பாணத்தில் டோறினின் அண்ணனைச் சுட்டது யாரென்று எவரும் விசாரிக்கவில்லை. ஆக்லாந்துக்கு வந்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள், மவுண்ட் ஆல்பர்ட் நூலகத்தில் இருந்த கொலைக்கதைகளையெல்லாம் வாசித்துத் தள்ளினாள். 1996இல் அவற்றில் ஒன்றைப் பற்றித் தமிழ்த் திருச்சபையின் மாத இதழுக்கு எழுதிக் கொடுத்தாள். இதழாசிரியர் ஏர்னஸ்ட், விசுவாசிகள் வாசிக்கிற புத்தகமில்லை என்று திருப்பிவிட்டார்.

அந்த வார வீட்டு ஜெபக்கூட்டத்தில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் முறை அவளுடையது. எழுந்து, ஏர்னஸ்ட் திருப்பிக் கொடுத்த அந்தக் கட்டுரையையே வாசிக்கத் தொடங்கினாள்.

"ஜெபத்தில கொலைக்கதையோ, தங்கச்சி?" என்று ஏர்னஸ்ட் குறுக்கிட்டார்.

"ஓம் அண்ணை. இந்தக் கதையில செத்தவன் ஆருமில்லாத ஒரு குடிகாரன். அவனுக்காகவும் ஒரு பொலிஸ்காரன் வீடுவீடாய்ப் போய் விசாரிக்கிறான். என்ர சொந்த அண்ணனுக்காக ஆர் விசாரிச்சது? இன்னும் ரெண்டு பக்கம் கிடக்கு. இருந்து கேளுங்கோ."