திங்கட்கிழமைப் பாடு

கோட்டைக்குப்பம் முத்துராஜ் பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்தது அறுநூறுக்கு ஐந்நூற்றுப் பதினெட்டு. நான் நானூற்றுப் பத்து. ஒரே பெஞ்சு. பரீட்சை வாரத்திலும் அவன் இறால் வலை இழுத்துவிட்டுத்தான் வந்தான். உப்பில் விரல் வெடித்திருக்கும். கணக்கு மட்டும் பிசகாது.

அரசுக் கல்லூரியில் மதிப்பெண் வரிசைப்படி கூப்பிட்டார்கள். அவனுக்குத் திங்கள், எனக்கு வியாழன். இருவரும் கேட்டிருந்தது கணிதம்.

அந்தத் திங்கள்தான் அவர்கள் வீட்டுப் பாடு. பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் வைத்திருக்கும் முறைதான் பாடு. அவன் நைனா தனக்கோடிக்குத் திருக்கை முள் குத்திக் கால் வீங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டோடு இரண்டு தடவை நாள் மாற்றியாகிவிட்டது. மூன்றாம் தடவையும் வீட்டு ஆள் இறங்காவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது.

முத்துராஜ் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். "உன்னுது வியாழன்தானே. நீ திங்கக்கெழமை போ. உன் நாள எனக்குக் குடு."

செல்லாது என்றேன். என் அப்பா பொன்னேரியில் கிளார்க். குறித்த நாளில் வராதவர் இடம் போய்விடும் என்று அழைப்புக் கடிதத்தின் அடியில் பொடியாக இருந்ததை இரண்டு முறை படித்துக் காட்டியிருந்தார்.

படுத்திருந்த தனக்கோடி சிரித்தார். "தண்ணியிலயே மொற மாத்திக்கிறோம். பேனா புடிக்கிறவன் மாட்டேன்னுடுவானா?"

அப்பாவை அழைத்துவந்து சொல்லவைத்திருக்கலாம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை, துவைத்த சட்டையோடு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தான். மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்து, திங்களன்றே பெயர்மேல் கோடு போட்டாகிவிட்டது என்றார். நைனாவின் காலைப் பற்றிச் சொன்னான். பாடு முறையைப் பற்றியும் சொன்னான்.

"இன்னாப்பா, ரேஷன் கடையா இது, அப்பறமா வந்து வாங்கிக்க?"

வரிசை சிரித்தது. கணிதத்தில் மிச்சம் ஒரே இடம். அடுத்த பெயர் என்னுடையது. அப்பா என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

ஆறு வருடமாகிறது. தனக்கோடியின் கால் ஆறிவிட்டது. ஆனாலும் பாடு நாளில் இறங்குகிறவன் முத்துராஜ்தான். பழவேற்காடு பஸ் நிலையத்தில் பார்த்தால் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒன்றைத்தான் கேட்பான்.

"நம்ம சீட்டு எப்டி கீது?"

நல்லா இருக்கு என்பேன். எனக்கு அந்தக் கணிதத்தில் இன்னும் இரண்டு தாள் பாக்கி. அவனிடம் சொன்னதில்லை.